முப்பது வார்த்தையில் ஓர் அம்மா

தாலி கட்டுகிற நேரம் வந்துவிட்டது, மாப்பிள்ளையைக் காணோம். மண்டபம் முழுக்கத் தேடுகிறார்கள். நாதஸ்வரக்காரர் வாசித்துக் களைத்துப்போய் சோடா கேட்கிறார். பெண்ணின் அப்பா வாசலில் நின்றுகொண்டு வேட்டியை மடித்துக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருக்கிறார். அப்போது சமையல்காரர் கரண்டியும் கையுமாக ஓடி வந்து, மாப்பிள்ளை அடுப்படியில் இருக்கிறார், வந்து பாருங்கள் என்கிறார். எல்லோரும் அங்கே ஓடுகிறார்கள்.

அடுப்படியில் மாப்பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கதை அந்த இடத்துக்கு வந்தபோது கதவு திறந்துவிட்டது. கதை சொல்லிக்கொண்டிருந்தவள் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

இப்படி அவள் பாதியில் விட்ட கதைகள் என்னிடம் பத்துப் பதினைந்தாவது இருக்கும். மாமியார் வளர்த்த ஆடு ரேஷன் கார்டைத் தின்றுவிட்டது. சாட்சிக்கு ஆட்டையும் இழுத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனார்கள். ஆபீசர் என்ன சொன்னார்? தெரியாது. குமுளி மலை ஏறும்போது பஸ்ஸில் ஒருத்திக்குப் பிரசவ வலி வந்தது. ஆணா, பெண்ணா? தெரியாது. சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிற இடத்தில், அல்லது தொண்டை அடைக்கிற இடத்தில், சரியாக அந்தக் கதவு திறக்கும். அடுத்த வாரம் வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்வாளா என்றால் அதுவும் கிடையாது. அது கெடக்குதுக்கா, இதக் கேளுங்க என்று புதிதாக ஒன்றைத் தொடங்குவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கதவு என்று நான் சொல்வது தெரபி ரூமின் கதவு. மட்டாஞ்சேரியில், யூதர்கள் இருந்த ஜூ டவுனுக்குத் திரும்புகிற தெருவில், கீழே சுக்கு மிளகு மண்டி. மரப்படி ஏறிப் போனால், பேச்சு வராத, ஓரிடத்தில் உட்கார முடியாத, முகம் பார்க்காத குழந்தைகளுக்கான எங்கள் சென்டர். வராந்தாவில் நீளமாக ஒரு பெஞ்சு. நாற்பத்தைந்து நிமிஷம் குழந்தை உள்ளே, அம்மா வெளியே. மண்டியில் மூட்டை பிரிக்கிற நாளில் மிளகுத் தூசி மேலே ஏறி, பெஞ்சில் இருக்கிற அம்மாக்கள் எல்லோரும் வரிசையாகத் தும்முவோம். வெளிநாட்டுக்காரர்கள் கீழே நின்று எங்கள் படிக்கட்டைப் படமெடுத்துக்கொண்டு போவார்கள்.

அந்த பெஞ்சில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. நான் மீனுவின் அம்மா. அவள் சரவணனின் அம்மா. கொச்சங்ஙாடியிலிருந்து இரட்டைக் குழந்தைகளோடு வருகிறவள் இரட்டைகளின் உம்மா. வருஷக்கணக்காகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் என் போனில் அவள் இன்றும் 'சரவணன் அம்மா'தான், அதுவும் மலையாள எழுத்தில். எனக்குத் தமிழைவிட மலையாளம்தான் கைக்கு வேகமாக வரும். அவளுடைய பெயரை ஒருநாளும் நான் கேட்கவில்லை என்பது இதை எழுத உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவளை முதலில் பார்க்கவில்லை, கேட்டேன். மரப்படியில் ஒரு குரல் ஏறி வந்தது. "படியப் பாத்து ஏறு சாமி. ஒண்ணு, ரெண்டு, இந்தா மூணு. பூனை படுத்திருக்கு பாரு, மிதிச்சிராத. பாவம், எலிய வெரட்டிட்டு இப்பத்தான் கண்ணசந்துருக்கு. அதுக்கும் ஒரு அம்மா இருக்கும்ல, தேடாதா?" மூச்சு விடாமல், தேனிப் பக்கத்துத் தமிழில், அம்பது படிக்கும் பேச்சு. இத்தனைக்கும் எங்கள் படிக்கட்டில் மொத்தமே பதினெட்டுப் படிதான். மேலே வந்தபோது பார்த்தால், ஒல்லியாக ஒரு சின்னப் பெண், கழுத்தில் மஞ்சள் கயிறு, இடுப்பில் பாதி, தரையில் பாதியாக நாலு வயதுப் பையன். அவன் அவளைப் பார்க்கவே இல்லை. பூனை கூடவே ஏறி வந்ததும் அதைப் பார்த்து, "போ" என்றான்.

அவனுக்கு அப்போது மூன்று வார்த்தை இருந்தது. தண்ணி, போ, லாரி. மூன்றையும் அவள் பதக்கம் மாதிரி எல்லோரிடமும் சொல்லிக் காட்டினாள். புருஷன் டைல்ஸ் ஒட்டுகிறவர். ஊரில் வேலை இல்லாமல் இங்கே வந்திருந்தார்கள். எர்ணாகுளத்தில் ஃப்ளாட் எழும்புகிற இடமெல்லாம் அவருக்கு வேலை, இவளுக்கு மட்டாஞ்சேரியில் ஒற்றை அறையும் பையனும்.

நாங்கள் பாலக்காட்டிலிருந்து இங்கே வந்து நாலு தலைமுறை ஆகிறது. வீட்டில் பேசுவது தமிழ் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அதே பெருமையோடு நான் அவளிடம் பேச்சுக் கொடுத்தேன். அவள் வாயைத் திறந்தபடி கேட்டுவிட்டு, "அக்கா, தமிழ் நல்லாப் பேசுறீங்களே, எங்க படிச்சீங்க?" என்றாள். நான் அன்று முழுக்க முறைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் அவள் ஆட்டுக் கதையை எடுத்துவிட்டாள், எனக்குக் கோபம் போய்விட்டது.

இப்படித்தான் நான் அவளுக்கு மொழிபெயர்ப்பாளர் ஆனேன். ஸ்பீச் டீச்சர் மலையாளத்தில் சொல்வதை அவளுக்குத் தமிழில் சொல்வது, அவள் கேட்பதை டீச்சருக்கு மலையாளத்தில் சொல்வது. யாரும் என்னை நியமிக்கவில்லை. நானே முந்திக்கொண்டு போய் நின்றேன். என் மகள் மீனு அப்போதே மூன்று வருஷமாக அங்கே வந்துகொண்டிருந்தாள். பெஞ்சில் மூத்தவள் நான், எல்லாம் தெரிந்தவள் நான் என்று ஒரு நினைப்பு. சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்த நினைப்பு எனக்கு அப்போது சோறு மாதிரி. வீட்டில் என்னை யாரும் எதற்கும் கேட்பதில்லை.

மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ. டீச்சர் கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு, உள்ளே அடுத்த குழந்தை அலற, அவசரமாகச் சொன்னார். வீட்டில் இரண்டு பாஷை கலக்க வேண்டாம், பையன் குழம்புவான். ஒன்று போதும். அம்மாவுக்கு எது எளிதோ அதையே வைத்துக்கொள்ளட்டும். இவ்வளவுதான் டீச்சர் சொன்னது. ஒரு வார்த்தை விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நான் அவளிடம் சொன்னது வேறு. "நன்னாக் கேட்டுக்கோ. இனிமே ஆத்துல மலையாளம் மட்டும்தான். தமிழ்ல ஒரு வார்த்தை பேசப்படாது. பேசினா கொழந்தை தேறாது."

ஏமாற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. ஸ்கூல் மலையாளம், டீச்சர் மலையாளம், ஊர் மலையாளம், இதில் தமிழை வைத்துக்கொண்டு இந்தப் பெண் என்ன செய்யப் போகிறாள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். மீனுவுக்கு நான் அப்படித்தான் செய்திருந்தேன். மீனு மலையாளத்தில் பேச ஆரம்பித்திருந்தாள்; அது என் சாமர்த்தியம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். மீனு பேசியதெல்லாம் டிவி விளம்பரம். நான் எந்தப் பாஷை பேசியிருந்தாலும் அவள் அந்த விளம்பரத்தை வரி மாறாமல் சொல்லியிருப்பாள் என்பது பிற்பாடுதான் புரிந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, எனக்குத் திமிர். வேறு பெயர் வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை.

அவள், "கொஞ்சுறது, திட்டுறது, அது கூடவாக்கா?" என்று கேட்டாள்.

அதுவும்தான் என்றேன்.

அன்று முதல் அவள் பையன் எதிரில் தமிழ் பேசவில்லை. எத்தனை பேருக்கு எத்தனை யோசனை சொல்லியிருக்கிறேன், வீட்டுக்குப் போனதும் காற்றில் விட்டுவிடுவார்கள். இவள் அப்படி இல்லை. சொன்னால் சொன்னதுதான். அவளுக்குத் தெரிந்த மலையாளம் காய்கறிக்காரனிடம் பேரம் பேசுகிற அளவு. அதனால் நான் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் முப்பது வார்த்தை எழுதிக்கொடுத்தேன், தமிழ் எழுத்தில். வா. இரிக்கு என்றால் உட்கார். கழிக்கு என்றால் சாப்பிடு. வேண்டா. நல்ல குட்டி. குட்டி என்றால் குழந்தை. அந்தத் தாளை அவள் அறையில் கதவுக்குப் பின்னால் ஒட்டி வைத்தாள். அந்த முப்பதுக்குள்ளேயே பையனைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்க வைத்தாள்.

மிச்சப் பேச்செல்லாம் எங்கே போகும்? பையன் ஸ்கூலுக்குப் போன பிறகு அயிலை மீனைக் கழுவிக்கொண்டே மீனிடம் பேசுவதாகச் சொன்னாள். கடல்ல எம்புட்டு எடம் கெடக்கு, வலைக்குள்ளதான் வந்து விழணுமா என்று திட்டுவாளாம். புருஷன் வேலை முடிந்து வந்ததும் இரண்டு பேரும் சந்துக்குள் இறங்கி நின்று, கதவைச் சாத்திவிட்டு, களவாணிகள் மாதிரி கிசுகிசுவென்று தமிழில் பேசுவார்கள். ஊரிலிருந்து போன் வந்தால் மொட்டை மாடி. மற்றபடி இந்த பெஞ்சு, நான், நாற்பத்தைந்து நிமிஷம். பையன் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நேரத்தில் ஒரு வாரத்துப் பேச்சையும் பேசித் தீர்க்க வேண்டும். அதுதான் அந்த வேகம். தமிழ் தெரியாத இரட்டைகளின் உம்மாகூட இவள் கையையும் முகத்தையும் பார்த்தே சிரிப்பாள். கதவின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும், சாப்பிட்டு முடித்தவள் போல வாயைத் துடைத்துக்கொள்வாள். திரும்பும்போது வேறு ஆளாக இருப்பாள். "வா மோனே" என்பாள். அவ்வளவுதான்.

ஒருநாள் மீன் கடைக்கு எதிரில் பையன் நடுத்தெருவில் படுத்துவிட்டான். லாரியின் ஏர் ஹாரன் அவன் காதுக்கு ஆகாது. லாரி பிடிக்கும், ஹாரன் பிடிக்காது. ஸ்கூட்டரில் வந்த ஒருவன் வண்டியை நிறுத்தி, பிள்ளையை வளர்க்கத் தெரியாதா, இரண்டு அடி கொடுத்தால் சரியாகும் என்று ஏதோ கத்தினான். தமிழில் என்றால் அவன் ஏழு தலைமுறையையும் இழுத்துப் போட்டுத் துவைத்திருப்பாள். பையன் கால்மாட்டில் கிடக்கிறானே. "வேண்டா, வேண்டா, நல்ல குட்டி" என்று மட்டும் சொல்லிக்கொண்டு அவன் பக்கத்தில் தெருவிலேயே உட்கார்ந்திருந்தாளாம். அந்த ஸ்கூட்டர்காரனிடம் சொல்லாமல் விட்டதையெல்லாம் இரண்டு நாள் கழித்து பெஞ்சில் என்னிடம் சொன்னாள். அப்பப்பா, என்ன வசவு! அதுவும் பாதியில் நின்றது. வாயைத் துடைத்துக்கொண்டு, போவதற்கு முன்னால் ஒன்று கேட்டாள்.

"முப்பது வார்த்தையில ஒரு அம்மா எம்புட்டுக்கா இருக்க முடியும்?"

போகப் போகச் சரியாகும், நானும் இப்படித்தான் இருந்தேன் என்று சொன்னேன். நான் அப்படி இருக்கவே இல்லை. எனக்கு மலையாளம் பிறந்ததிலிருந்து தெரியும்.

மாதத்துக்கு ஒருமுறை அம்மாக்களுக்கு என்று ஒரு வகுப்பு வைப்பார்கள். எர்ணாகுளத்திலிருந்து ஒரு கவுன்சிலர் மேடம் வருவார். கண்ணை மூடு, மூச்சை இழு, விடு. நீங்கள் நன்றாக இருந்தால்தான் குழந்தை நன்றாக இருக்கும், உங்களுக்கென்று தினமும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள் என்பார். இரட்டைகளின் உம்மா கண்ணை மூடியதும் தூங்கிவிடுவாள். நாங்கள் எழுப்ப மாட்டோம். ஒருநாள் மேடம் ஒவ்வொருத்தியாகக் கேட்டார், உனக்கே உனக்கு என்று ஒன்று செய்யலாமென்றால் என்ன செய்வாய்? ஒருத்தி சினிமா என்றாள், ஒருத்தி தூக்கம் என்றாள். இவள் முறை வந்தது. "பேசணும்" என்றாள். யாரிடம் என்று மேடம் கேட்டதற்கு, "எம் பையங்கிட்ட" என்றாள். நான் அதை மலையாளத்தில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். எந்நேரமும் லொடலொடவென்று பேசுகிறவளுக்குப் பேசத்தான் ஆசையா என்று கேட்டார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

இனி எழுதப் போவதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

டீச்சர் எல்லா அம்மாக்களுக்கும் பொதுவாக ஒரு வழி சொல்லியிருந்தார். குழந்தை ஒன்றைக் கேட்பதற்கு முன்னால் எடுத்து நீட்டாதீர்கள், வாயால் கேட்கிறவரை கொஞ்சம் காத்திருங்கள். நல்ல யோசனைதான், சில குழந்தைகளுக்கு அதில் வார்த்தை வந்திருக்கிறது. ஆனால் சரவணன் வாயால் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். தமிழில் கேட்டான்.

மார்ச் மாத வெயில். தெரபி முடிந்து, வியர்த்து, முகம் சிவந்து வெளியே வந்தான். "தண்ணி" என்றான். அவள் பாட்டிலை எடுத்து மார்போடு பிடித்துக்கொண்டு, "வெள்ளம்" என்றாள்; மலையாளத்தில் தண்ணீர். அவன் மறுபடி, "தண்ணி." அவள், "வெள்ளம் பற மோனே, வெள்ளம்." வெள்ளம் என்று சொல் மகனே என்று. அவனுக்குப் புரியவில்லை. இருக்கிற மூன்று வார்த்தையில் ஒன்று அது. அதைச் சொன்னால் கிடைக்கும் என்று அவளே பழக்கியது. அவன் அதையே சொன்னான், சத்தமாகச் சொன்னான், அழுதுகொண்டு சொன்னான். பிறகு தன் மணிக்கட்டைக் கடிக்க ஆரம்பித்தான். பாவம், கொடுத்துவிடேன் என்று இரட்டைகளின் உம்மா மலையாளத்தில் கெஞ்சினாள். அவள் என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நிற்க, கொடுக்கட்டுமா என்று பார்த்தாள்.

நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். இன்னும் கொஞ்சம், இதோ வந்துவிடும் என்று சொன்னேன்.

வரவில்லை. அவனை இழுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். கீழே இறங்கிக் கொடுத்தாளா என்று எனக்குத் தெரியாது. இப்படி எத்தனை நாள் நடந்தது, வீட்டில் எத்தனை முறை நடந்தது என்றும் தெரியாது. அந்த வேனிலுக்குப் பிறகு சரவணன் தண்ணி என்று சொல்வதை நிறுத்திவிட்டான். வெள்ளம் என்றும் சொல்லவில்லை. தாகம் எடுத்தால் அவள் கையை மணிக்கட்டில் பிடித்துத் தூக்கிக் கொண்டுபோய் பாட்டிலின் மேல் வைப்பான், ஒரு கொக்கியை மாட்டுவது போல. 'போ'வும் எப்போதோ போய்விட்டது. லாரி கொஞ்ச நாள் இருந்தது.

நாலு வருஷம் இப்படி ஓடியது. டீச்சர் கனடாவுக்குப் போய்விட்டார். தேவராவிலிருந்து ஸ்கூட்டரில் ஒரு சின்னப் பெண் புதிதாக வந்தாள். வந்த வாரமே ஒவ்வொரு அம்மாவையும் உள்ளே கூப்பிட்டுப் பேசினாள். சரவணன் அம்மாவோடு நானும் போய் உட்கார்ந்தேன். இப்போது அவளுக்கே மலையாளம் ஒருமாதிரி வரும், இருந்தாலும் பழக்கம். வீட்டில் என்ன பாஷை என்று புது டீச்சர் கேட்டாள். மலையாளம் என்றாள் இவள். நீங்கள் தமிழ் இல்லையா? ஆமாம். பிறகு ஏன் மலையாளம்? பையனிடம் தமிழ் பேசக் கூடாது என்பதால். புது டீச்சரின் முகம் மாறியது. அம்மாவின் பாஷையில்தான் பேச வேண்டும், மனசிலிருந்து வருகிற பேச்சுதானே குழந்தைக்கு வேண்டியது, யார் உங்களிடம் வேண்டாம் என்று சொன்னது என்று கேட்டாள்.

நான் ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "ஆரும் பறஞ்ஞில்ல. ஞான் தன்னெ" என்றாள். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான்.

சுவரில் பழங்களின் படம் ஒட்டியிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்த பிறகு அவளும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. டீச்சர் அன்றைக்கு அப்படிச் சொல்லவில்லை, நான்தான் சேர்த்துச் சொன்னேன் என்பது அவளுக்குத் தெரியாது. பழைய டீச்சர் சொன்னது என்றே நினைத்திருந்தாள் என்றால், ஊரை விட்டுப் போனவர் மேல் பழியைப் போட என்ன தயக்கம்? ஒருவேளை தெரிந்திருக்குமோ? தெரிந்தே என்னைக் காப்பாற்றினாளோ? அவளுக்குத் தமிழ் பேச அந்த ஊரில் புருஷனை விட்டால் நான் ஒருத்திதான் இருந்தேன். என்னோடு சண்டை போட்டால் யாரிடம் பேசுவாள்? இதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

தமிழிலேயே பேசியிருந்தாலும் பையன் பேசியிருப்பான் என்று சொல்ல முடியாது, யாராலும் சொல்ல முடியாது என்று புது டீச்சர் அவளைச் சமாதானப்படுத்தினாள். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் நான் நாட்களை ஓட்டுகிறேன். இப்போதிலிருந்து தமிழில் பேசுங்கள், மனசில் வருவதையெல்லாம் பேசுங்கள் என்றாள். அவள் அன்று படியில் இறங்கியது நடையே இல்லை, ஓட்டம். பாதிப் படியில் நின்று திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறந்துவிட்டால் நன்றாக இருக்கும்.

அடுத்த வாரம் வந்தவள் கதை எதுவும் ஆரம்பிக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னடி ஆச்சு என்று கேட்டேன். மெதுவாகச் சொன்னாள். அவள் என்னிடம் முழுதாகச் சொல்லி முடித்த கதை அது ஒன்றுதான்.

வீட்டுக்குப் போனதும் பையனை எதிரில் உட்கார வைத்துப் பேச ஆரம்பித்திருக்கிறாள். நாலு வருஷத்துப் பேச்சு. பூனை, மழை, அவன் அப்பா, அவன் பிறந்த ஆஸ்பத்திரி, எல்லாம். அவன் முதலில் சுற்றிச் சுற்றிப் பார்த்தான், வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்பது போல. பிறகு காதைப் பொத்திக்கொண்டான். பிறகு கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரில் தலையை மோதிக்கொண்டான். மூன்று நாள் இப்படி. அவனுக்குத் தெரிந்த அம்மாவிடம் முப்பது வார்த்தைதான் உண்டு; இவ்வளவு பேசுகிற இந்தப் பொம்பளை யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. சரி, கொஞ்சம் கொஞ்சமாகப் பேசலாம் என்று நாலாம் நாள் பாட்டிலை எடுத்துக்கொண்டு, அவனுடைய பழைய வார்த்தையையே சொல்லியிருக்கிறாள்.

"தண்ணின்னு சொன்னா அழுகுறான்க்கா. பாட்டில நீட்டுறேன், வாங்க மாட்டேங்கிறான். கையக் கடிக்கிறான். அந்த வார்த்தையச் சொன்னா தண்ணி கெடைக்காதுன்னு நெனச்சுக்கிறான்க்கா."

அவள் அழவில்லை. இரண்டு வாரம் இன்னும் முயற்சி செய்தாள், புது டீச்சரும் பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தாள். ஒவ்வொரு தடவையும் அவன் கையில் ஒரு பல் தடம் கூடியது. அதற்கு மேல் அவள் விட்டுவிட்டாள். வா, இரிக்கு, கழிக்கு, நல்ல குட்டி. அதில் அவன் சமாதானமாக இருந்தான்.

அப்புறம் பெஞ்சிலும் அவள் பேச்சு குறைந்துவிட்டது. கதவு மூடியிருக்கும்போதும் பேசாமல் இருப்பாள். நான் ஏதாவது கிளறினால் பதில் வரும், கதை வராது. அந்த வருஷக் கடைசியில் புருஷனுக்கு ஆலுவா பக்கம் வேலை கிடைத்து வீடு மாறிப் போனார்கள். போகிற அன்று கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த காலண்டர் தாளைக் கிழியாமல் எடுத்து வந்து என்னிடம் காட்டினாள். எல்லாம் மனப்பாடம், இருந்தாலும் எடுத்துக்கொண்டு போகிறேன் என்றாள்.

பிறகு அவளை ஒரே ஒருமுறைதான் பார்த்தேன், போன மழைக்காலத்துக்கு முன்பு. மட்டாஞ்சேரி பஸ் ஸ்டாண்டில் ஆலுவா பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஏதோ சர்டிபிகேட்டுக்காகப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். அவன் அவளைவிட உயரமாகிவிட்டான், மேலுதட்டில் மீசை அரும்பியிருந்தது. அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் இந்த உடம்பை வைத்துக்கொண்டு ஓடினேன்.

அவளைப் பார்த்தால் சொல்ல வேண்டும் என்று வருஷக்கணக்காக ஒன்றை மனசுக்குள் வைத்திருந்தேன். டீச்சர் அப்படிச் சொல்லலைடி, உனக்கு எது எளிதோ அதைப் பேசுன்னுதான் சொன்னா, நான்தான் மாத்திச் சொன்னேன். எத்தனை தடவை தனியாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நேரில் பார்த்ததும், என் வாயிலிருந்து வேறு ஒன்று வந்தது.

"அன்னிக்கு மாப்பிள்ளை அடுப்படியில என்னதான்டி பண்ணிண்டிருந்தார்?"

அவள் முகத்தில் பழைய முகம் வந்தது. புருவம் ஏறியது, கதை சொல்லும்போது வருகிற மாதிரி வலது கை மேலே வந்தது. பக்கத்தில் பையன் தன் கையைக் காதுக்கு அருகில் கொண்டுபோனான். அவள் அதைப் பார்த்துவிட்டாள். கையை இறக்கி, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"பின்னெப் பறயாம், சேச்சி" என்றாள். பிறகு சொல்கிறேன். சேச்சி என்றாலும் அக்காதான், ஆனால் என்னை அவள் எப்போதும் தமிழில் அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

இரண்டு பேரும் பஸ்ஸில் ஏறி நான் நின்ற பக்கத்து ஜன்னலோரத்தில் உட்கார்ந்தார்கள். வண்டி நகர ஆரம்பித்தது. அவன் அவள் கையை மணிக்கட்டில் பிடித்துத் தூக்கி, மடியிலிருந்த பாட்டிலின் மேல் வைத்தான். அவள் ஒன்றும் பேசாமல் மூடியைத் திறந்து கொடுத்தாள்.